பந்துக்கார அக்கா

முகத்தை வைத்து ஆளை நினைவில் வைத்துக்கொள்ள எனக்கு வராது. அவரவர் வாயில் அடிக்கடி வருகிற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்வேன். எங்கள் குடியிருப்புக்குத் தண்ணி லாரி ஓட்டி வருகிறவரிடம் எதைக் கேட்டாலும், "நம்ம கையில இன்னா கீது தாயீ, எல்லாம் வால்வு கையில கீது" என்பார். மூன்றாவது மாடியில் இருக்கும் மீன்காரம்மா யாரைத் திட்டினாலும் கடைசியில், "நல்லாயிரு, எட்ட நின்னு நல்லாயிரு" என்று முடிப்பாள். எட்டாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. இட்லிப் பொட்டலம் மடிக்கிற பேப்பரில் இருந்ததைப் படித்துத்தான் மிச்சத்தைக் கற்றுக்கொண்டேன். அதில் பாதிச் செய்தி எப்போதும் கிழிந்துபோயிருக்கும். மனிதர்கள் பேசுவது அப்படியில்லை, முழுசாகக் கிடைக்கும்.

அப்படி நான் சேர்த்துவைத்ததில் ஒருத்தியின் வார்த்தையை மட்டும் இப்போது வெளியே எடுக்க மனசு வருவதில்லை. பெரிய வார்த்தை ஒன்றுமில்லை. "நல்லா இருக்கான்." பெண் குழந்தை என்றால் "நல்லா இருக்கா." இதைச் சொல்லித்தான் அவள் எங்கள் எல்லோருக்கும் வேண்டியவள் ஆனாள். இதையே சொல்லித்தான் எங்களை ஏமாற்றினாள்.

அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. கழுத்தில் தொங்கிய அட்டையில் போட்டிருந்தார்கள். ஒருவரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதல் நாள் பையிலிருந்து சிவப்பு உல்லன் பந்து ஒன்றை எடுத்து, நூலில் கட்டி, ஒரு மாதக் கைக்குழந்தையின் முகத்துக்கு நேரே ஆட்டினாள். அன்றிலிருந்து அவள் பந்துக்கார அக்கா.

எர்ணாவூரில் எங்கள் பிளாக்கில் கீழ் மூலை வீடு என்னுடையது. வாசல் பக்கம் இட்லிக் கடை, உள்ளே ஒரே அறை. காலையில் அந்த அறைக்குள் நல்ல வெளிச்சம் விழும், காற்றாடியும் சத்தம் போடாது. குழந்தைகளைப் பார்க்க இப்படி ஓர் இடம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அவள் வந்தாள். ஏதோ ஆராய்ச்சியாம். பிறந்ததிலிருந்து கொஞ்ச மாதங்களுக்குக் குழந்தையின் மூளையும் நரம்பும் எப்படி வளர்கின்றன என்று பார்க்கிறார்களாம். மெட்ரோவில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து வருவதற்குள் அவள் தலையெல்லாம் தூசி அப்பியிருக்கும். முகத்தைக் கழுவிக்கொண்டு, கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை அலம்பி, உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கிக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் குழந்தையைத் தொடுவாள்.

முதலில் ஒருத்தியும் பிள்ளையைத் தரவில்லை. மீன்காரம்மா நேராகவே கேட்டுவிட்டாள்: "நோவு கீற கொயந்தயப் பாத்தா நாயம். நல்லா கீற கொயந்தய இன்னாத்துக்கு நோண்டற?"

அவள் கோபப்படவில்லை. "நல்ல குழந்தை எப்படி அசையும், எப்படிப் பார்க்கும்னு நல்லாத் தெரிஞ்சாத்தானேம்மா, வேற ஒரு குழந்தைக்கு ஏதாவது வித்தியாசம் இருந்தா சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும்? உங்க பேரன் வாத்தியார். நாங்கள்லாம் அவன்கிட்ட படிக்க வந்திருக்கோம்" என்றாள்.

மீன்காரம்மாவுக்கு வாயெல்லாம் பல். பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து பாயில் போட்டாள்.

அப்புறம் நானே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "நம்மாளு. நம்பிக் குடு. ஏதாச்சும் ஒண்ணுன்னா மொதல்ல நம்மகிட்டதான் சொல்லும்." இந்தக் கடைசி வரியை நானாகச் சேர்க்கவில்லை. "ஏதாவது கண்ணுல பட்டா அம்மாகிட்டதான் முதல்ல சொல்லுவேன்க்கா" என்று என் கடை முக்காலியில் உட்கார்ந்து அவள்தான் எனக்கு வாக்குக் கொடுத்தாள். அதை நான் பிளாக் முழுக்கக் கொடுத்தேன்.

அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக நகர்த்துவாள், குழந்தையின் கண் அதன் பின்னாலேயே போகும். காதுக்குப் பின்னால் கிலுகிலுப்பையை ஒரே ஒரு தடவை ஆட்டிவிட்டுக் காத்திருப்பாள். இரண்டு கையையும் பிடித்து மெல்ல எழுப்புவாள், தலை பின்னால் தொங்குகிறதா, கூடவே வருகிறதா என்று பார்ப்பாள். மூன்று மாதக் குழந்தையை மேல்சட்டை மட்டும் போட்டு மல்லாக்கப் படுக்கவைத்து, போனை ஒரு கம்பியில் மாட்டி மேலேயிருந்து வீடியோ எடுப்பாள். அந்த நேரத்தில் யாரும் குழந்தையிடம் பேசக் கூடாது, தொடக் கூடாது. எங்கள் ஜனத்துக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை. கொஞ்சாமல் இருக்க முடியாமல் மீன்காரம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நிற்பாள்.

"என்னத்தப் பாக்கற அதுல?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"தண்ணி கொதிக்கிறதுக்கு முன்னாடி பாத்திரத்துல சின்னச் சின்னதா ஆடுமேக்கா, அந்த மாதிரி மூணு மாசத்துல கை, கால், கழுத்து எல்லாம் நிக்காம ஆடிக்கிட்டு இருக்கும். பாத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருக்கும். அதுதான் எல்லாம்."

அன்றிலிருந்து உலை வைத்தால் அடுப்புப் பக்கமே நின்று தண்ணீரைப் பார்ப்பேன். அடுப்பைப் பற்றி அவளுக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுவாகத்தான் இருந்திருக்கும், சமைக்கவே தெரியாதவள். ஆனால் சாப்பிடத் தெரிந்தவள். சாம்பாரில் உப்புக் கூடிப்போன நாளில்கூட, "இன்னைக்கு நல்லா எடுப்பா இருக்குக்கா" என்பாள். சட்னி நீர்த்துப்போனால், "இப்படி இருந்தாத்தான் இட்லி ஊறும்." அவள் பாராட்டியதற்குப் பிறகு என் சட்னியில் நான் எதையும் மாற்றவில்லை. நல்ல வாய் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எதிர் பிளாக் தையல்காரி அவளுக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. போட்டுக்கொண்டு வந்தாள். "என்னாக்கா இது, ஒரு கை சுருங்கிப்போச்சா?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "காத்தோட்டமா இருக்குக்கா" என்றாள். தையல்காரி காதில் விழுகிற மாதிரி சொன்னாள். தையல்காரிக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம்.

தண்ணி லாரி வராத நாளில், வரிசையில் குடத்தோடு நிற்கும் பெண்களிடம், "நாளைக்கு ரெண்டா வந்துரும், பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். மறுநாள் ஒன்றுகூட வராது. ஆனாலும் அவளை யாரும் வைததில்லை.

ஒருநாள் மழைக்கு என் கடையிலேயே ஒதுங்கியிருந்தபோது சொன்னாள். மாத்தூரில் அவள் அப்பாவுக்கு மளிகைக் கடை. தெற்கேயிருந்து வந்து கடை போட்ட குடும்பம். "எங்க கடையில 'இல்லை'ன்னு சொல்ல மாட்டோம்க்கா. கல்லாப்பெட்டி முன்னாடி அந்த வார்த்தை வந்தா வியாபாரம் போயிரும்னு அப்பாவுக்கு நம்பிக்கை. துவரம்பருப்பு தீந்துபோச்சுன்னா, 'பாசிப்பருப்பு புதுசா வந்திருக்கு'ன்னு சொல்லணும். உப்பு தீந்துபோச்சுன்னா, 'நாளைக்கு நிறையா வருது'ன்னு சொல்லணும். சின்னப் பிள்ளையா இருக்கும்போது நான் ஒருதடவை 'சீனி இல்லை'ன்னு சொல்லிட்டேன். அப்பா அடிக்கல. எங்கிட்ட பேசவே இல்ல, ரெண்டு நாளு."

"அப்பறம்?"

"அப்பறம் அந்த வார்த்தையே வர்றதில்லக்கா" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். சீனி வாங்க வந்தவர் சீனி இல்லாமல்தானே திரும்பிப் போயிருப்பார் என்று எனக்கு அன்று தோன்றவில்லை. அந்தப் பேச்சு அழகாக இருந்தது, எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

அவள் வருகிற நாள் எங்கள் பிளாக்கில் பரீட்சை நாள் மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு டியூஷன் வேறு நடந்தது. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் போனவர்கள் சிவப்புப் பந்தாகப் பார்த்து வாங்கி வந்தார்கள். பால் குடிக்கிற குழந்தையின் வாயிலிருந்து மார்பை எடுத்துவிட்டு, "பந்தப் பாருடி, அக்கா வந்து கேக்கும்" என்று ஆட்டினார்கள். ஒரு குழந்தை அம்மாவின் வளையல் சத்தத்தை வைத்தே தலையைத் திருப்பப் பழகிக்கொண்டது. பந்துக்கார அக்கா வளையல் போடாதவள், அவள் ஆட்டினபோது அந்தக் குழந்தை கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தது. அதன் அம்மா கலங்கிப்போய், "வூட்ல நல்லா பண்ணுச்சுக்கா" என்றாள். அறையே சிரிப்பில் குலுங்கியது.

"இது பரீட்சையாக்கா? விடுங்க, வீட்டுல பண்ணதும் சேத்திதான்" என்றாள் அவள். வீட்டில் இப்படிப் பழக்கக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அந்தத் தாயின் முகம் வாடிவிடும்.

என் எதிர்வீட்டுக் கலாவின் பையனும் இந்தக் கூட்டத்தில் ஒருவன். கலா புருஷன் துறைமுகத்துக்கு ஓடுகிற டிரெய்லரில் கிளீனர். போனால் இரண்டு மூன்று நாள் வீடு திரும்ப மாட்டான். மாமியாரும் கலாவும்தான் குழந்தையோடு. பெயர் பிரவீன். கொழுகொழுவென்று இருப்பான், யாரைப் பார்த்தாலும் சிரிப்பான்.

மூன்றாவது மாத வீடியோவை எடுத்து முடித்த பிறகு அவள் போனைப் பையில் போடாமல், அங்கேயே உட்கார்ந்து திரும்ப ஓட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, ஹீரோ மாரி கீறானா?" என்றாள் கலா. "ம், நல்லா இருக்கான்" என்றாள். வழக்கமான அதே வார்த்தைதான்.

ஐந்தாவது மாதம் வந்தபோது பிரவீன் பந்தைப் பிடித்தான். பார்ப்பதோடு நிற்காமல், இடது கையை நீட்டி லபக்கென்று பிடித்து இழுத்தான். வலது பக்கம் காட்டினாலும் இடது கைதான் குறுக்கே பாய்ந்து வந்தது. வலது கையைக் கட்டைவிரல் உள்ளே மடங்க மூடியே வைத்திருந்தான். கூடியிருந்த பெண்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

"நொட்டாங்கை பௌலருடி உன் புள்ள."

"அந்தக் கையில இன்னாடா முடிஞ்சு வெச்சிகினு கீற? அத்தைக்கு காட்டுடா, கருமி."

"இந்த வயசுலேயே எந்தக் கைன்னு முடிவு பண்ட்டான் பாரேன், இன்னா தெளிவு."

கலா பெருமை தாங்காமல் பந்துக்கார அக்காவைப் பார்த்தாள். "மத்த கொயந்தைங்க இப்படி பண்ணுதாக்கா?"

அவள் பந்தை இன்னொரு முறை வலது பக்கம் கொண்டுபோனாள். மூடிய கையை விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கெட்டிக்காரன்" என்றாள்.

இதைத்தான் இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நாங்கள் சிரித்தது தெரியாமல் சிரித்தது. அவள் தெரிந்தே எங்களோடு சேர்ந்து சிரித்தாள்.

சில நாள் கழித்து, வர வேண்டிய முறை இல்லாத ஒரு நாளில், கம்பியும் பையும் இல்லாமல் வந்தாள். கையில் அப்பா கடை பிஸ்கட் பாக்கெட். "சும்மா வந்தேன்க்கா. கலா இருக்காங்களா?" என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். அங்கே வேறு ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. பேரன் எல்லாவற்றையும் நொட்டாங்கையால் எடுப்பது கலா மாமியாருக்குப் பிடிக்கவில்லை. சோறும் அந்தக் கையாலேயே தின்னப் பழகிவிடுவான் என்று, அவன் இடது கையில் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டிருந்தாள். அவன் துணி சுற்றிய கையைத் தரையில் அடித்து அழுதுகொண்டிருந்தான். வைத்தியமெல்லாம் அந்தம்மாவுக்குத் தெரியாது. நொட்டாங்கை என்றால் ஆகாது, அவ்வளவுதான். எல்லோரும் அவளைக் கிண்டல் செய்துகொண்டிருந்தோம்.

பந்துக்கார அக்கா தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். "பாவம்மா, விடுங்க. குழந்தைய கட்டலாமா?" துணியை எடுத்ததும் அவன் பிஸ்கட் பாக்கெட்டை இடது கையால் பிடுங்கினான். மறுபடியும் சிரிப்பு.

கலா கேட்டாள்: "இன்னாக்கா பிஸ்கட்டு? எம்புள்ள பாஸ் பண்ணிட்டானா?"

கொஞ்ச நேரம் அவள் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், "ஆமா" என்றாள். "அவனுக்கு முடிஞ்சிருச்சு. இனிமே அவனைப் பாக்க வர வேண்டியதில்ல."

மற்ற குழந்தைகளுக்கெல்லாம் இன்னும் முடியவில்லை, கலா பிள்ளைக்கு முதலில் முடிந்துவிட்டது. அன்று கலா மாடி மாடியாகப் போய்ப் பிஸ்கட் கொடுத்தாள். எனக்கும் இரண்டு வந்தது.

அதன் பிறகும் அவள் வந்துகொண்டுதான் இருந்தாள், மற்ற பிள்ளைகளைப் பார்க்க. கலா வாசலைத் தாண்டும்போது செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி சத்தமில்லாமல் போவாள். களைப்பு என்று நினைத்தேன். பிறகு மற்ற குழந்தைகளுக்கும் முடிந்து, அவள் வருவதும் நின்றது.

ஒரு வயது ஆகியும் பிரவீன் பிடித்துக்கொண்டு நிற்கும்போது வலது குதிகால் தரையில் படவில்லை. கலா பயந்துபோய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். நானும் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்தார்கள். "எந்தக் கையால எடுக்கிறான்?" என்று கேட்டார்கள்.

"லெஃப்ட்டு, டாக்டர். அஞ்சு மாசத்துலேர்ந்தே லெஃப்ட்டுதான். கெட்டிக்காரன்னு சொன்னாங்க" என்றாள் கலா, இன்னும் அந்தப் பழைய பெருமையோடு.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்கள். "ஒரு வயசு வரைக்கும் குழந்தைக்கு ரெண்டு கையும் ஒண்ணுதாம்மா. அதுக்கு முன்னாடியே ஒரு கையை மட்டும் நீட்டினா, அந்தக் கை கெட்டிக்காரக் கைன்னு அர்த்தமில்ல. இன்னொரு கை வரலேன்னு அர்த்தம். யாருமே பாத்துச் சொல்லலையா?"

கலா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறந்த சமயத்தில் மூளையில் ஒரு பக்கம் சின்னதாக ஏதோ அடி பட்டிருக்கலாம், அதனால் உடம்பின் வலது பக்கம் பலம் குறைவு என்றார்கள். பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு சின்ன சாக்ஸை எடுத்து, பிரவீனின் இடது கையில் மாட்டிவிட்டாள். "தினம் கொஞ்ச நேரம் இப்படி நல்ல கையை மூடிவிட்டு விளையாட விடுங்க. அப்பத்தான் அந்தக் கை வேலை செய்யும். கூடவே இருந்து விளையாடணும், அழ விட்டுட்டுப் போகக் கூடாது. இப்ப ஆரம்பிச்சாலும் நல்லதுதான். அப்பவே வந்திருந்தா மூளை இன்னும் சீக்கிரம் பழகியிருக்கும்."

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னபோது அந்தம்மா சாக்ஸையே வெறித்துப் பார்த்தாள். "நான் கட்னா பாவம். டாக்டரு கட்னா வைத்தியம். அவுத்து வுட்டவ கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கலா என் கடைக்கு வந்து நின்றாள். "நீதானே யக்கா சொன்ன. நம்மாளுன்னு. ஏதாச்சும்னா மொதல்ல நம்மகிட்ட சொல்லும்னு." கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது பதில் கத்தியிருப்பேன்.

போன் போட்டேன். எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன், எடுத்தாள். "வர்றேன்க்கா" என்றாள். மறுநாள் காலை கடைக் கூட்டம் கலைகிற நேரத்துக்கு வந்தாள். அதே முக்காலி. கை பழக்கத்தில் இரண்டு இட்லி வைத்துக் கொடுத்துவிட்டேன்.

"பிரவீன் எப்படி இருக்கான்?" என்று கேட்டாள்.

"நீ சொல்லு. நீதானே பாத்த."

அவள் இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு தட்டைப் பார்த்தாள். "மூணாவது மாச வீடியோவுலயே எனக்கு சந்தேகம்க்கா. அஞ்சாவது மாசம் அந்தக் கையைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. அன்னைக்கே எங்க டாக்டர்கிட்ட சொன்னேன். இந்தக் குழந்தைய நம்ம ஆராய்ச்சியில வெக்க முடியாது, அவங்க அம்மாவ உக்காரவெச்சுப் பக்குவமா எடுத்துச் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புன்னு சொன்னாங்க. அதுக்குத்தான் அன்னைக்குத் தனியா வந்தேன்."

"பிஸ்கட்டோட."

"வெறுங்கையோட எப்படி வர்றது?"

"அப்பறம் ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் உக்காந்தேன். கலா, பாஸாயிட்டானான்னு கேட்டுட்டாங்க." அவள் குரல் இறங்கிவிட்டது. "நீங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்கக்கா."

"அப்போ பழிய எங்க சிரிப்பு மேல போட்டுட்ட. அன்னிக்கு ஒரு நாளு சரி. அப்பறம் எத்தினி தபா இந்தக் கடையில உக்காந்து தின்ன? அப்பல்லாம் நான் அழுதுகினா இருந்தேன்?"

அவள் பிட்ட இட்லியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டே இருந்தாள்.

"உங்க டாக்டரு கேக்கவேயில்லையா?"

"கேட்டாங்க. சொல்லிட்டியான்னு ரெண்டு தடவை கேட்டாங்க."

"நீ?"

"சொல்லிட்டேன்னு சொன்னேன்."

அங்கேயும் அவள் யாருடைய முகத்தையும் வாட விடவில்லை. 'இல்லை' என்று ஒரே ஒரு வார்த்தை. அங்கே சொல்லியிருந்தால் அவர்களாவது எங்களைத் தேடி வந்திருப்பார்கள். இங்கே சொல்லியிருந்தால் கலா அன்றைக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள். பிஸ்கட்டுக்குப் பதில் அதைக் கொடுத்திருந்தால் நாங்கள் என்ன அடித்தா துரத்தியிருப்போம்? கொஞ்ச நாள் அவள் மேல் கோபப்பட்டிருப்போம். அந்தக் கொஞ்ச நாள் கோபத்தைத் தாங்க அவளுக்குத் தெம்பில்லை. அதற்குப் பதிலாக ஒரு குழந்தையின் எத்தனையோ மாதங்களை எடுத்துக்கொண்டாள்.

அப்போது கலா இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். பிரவீன் இடது கையில் சாக்ஸ். பந்துக்கார அக்கா எழுந்து நின்றாள்.

"வாக்கா" என்றாள் கலா. "பாத்துக்கோ. நல்லா கீறான்."

பிள்ளையைக் கீழே இறக்கி என் மேசையைப் பிடிக்கவைத்தாள். அவனுக்கு அக்காவின் கழுத்தில் தொங்கிய அட்டைதான் கண்ணில் பட்டது. முதலில் சாக்ஸ் போட்ட கையை நீட்டினான், அட்டை வழுக்கியது. பிறகு வலது கையைத் தூக்கினான். அது மெதுவாக, தோளிலிருந்து கஷ்டப்பட்டு எழும்பியது. அட்டைக்குப் பக்கத்தில் வந்ததும் விரல்கள் பாதிதான் விரிந்தன. தட்டினான், பிடிக்க முடியவில்லை. இன்னொரு முறை தட்டினான். அட்டை ஆடியது. அவன் சிரித்தான்.

அவள் வாய் திறந்தது. என்ன வரப்போகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"ஒண்ணும் சொல்லாதக்கா" என்றாள் கலா. "சும்மா பாரு."

பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் சலித்துப்போய்க் கையைக் கீழே விடுகிறவரை கலா அவளை நகர விடவில்லை. பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திட்டித் தீர்க்க ராத்திரியே நிறைய வார்த்தை எடுத்துவைத்திருந்தேன், அதில் ஒன்றுகூட அப்போது வரவில்லை. அவள் மறுபடியும் முக்காலியில் உட்கார்ந்து, தட்டில் இருந்ததை மெல்ல மெல்லத் தின்று முடித்தாள். கையைக் கழுவினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். என்னை அப்படியே விட்டுவிட்டுப் போக அவளால் முடியவில்லை போலிருக்கிறது, திரும்பிப் பார்த்தாள்.

"இட்லி நல்லா இருந்துச்சுக்கா" என்றாள்.

முந்தின நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜில் வைத்திருந்த மாவு பொங்கிப் புளித்துப்போயிருந்தது. காலையில் முதலில் வந்த டிரெய்லர்காரர் ஒரு வாய் வைத்ததுமே, "யக்கா, இன்னா இது, வாயில வெக்க முடில" என்று தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்துபோனார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் பாதியில் வைத்துவிட்டுத்தான் போனார்கள். அந்தத் தட்டுகள் எல்லாம் தொட்டிப் பக்கத்தில் கிடந்தன. அவள் தட்டில் மட்டும் ஒரு துணுக்கு மிச்சமில்லை.

வழித்துத் தின்ற அந்தத் தட்டை எடுத்து ரொம்ப நேரம் கழுவினேன். பிறகு சட்னிப் பாத்திரத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். எத்தனையோ மாதமாக நான் மாற்றாத அதே சட்னி. எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.